மன்றாட்டு: வழக்கா, கெஞ்சலா?

"எவ்வளவு மன்றாடியும் கர்த்தர் இரங்கவில்லையே" என்பது நோய் தீராத வீடுகளில் கேட்கிற பேச்சு. இங்கே மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல். சொல் பிறந்த இடத்தில் கெஞ்சலைவிட வழக்குத்தான் முந்தி நிற்கிறது.

மன்று ஊர்ப் பொதுவிடம். ஊரார் கூடி வழக்குத் தீர்த்த இடம். வாதாடு, வழக்காடு, சொல்லாடு என்பவற்றின் வரிசையில் வருவது மன்றாடு. அங்கே போனவர் பிச்சை கேட்கப் போகவில்லை, நியாயம் கேட்கப் போனார். வழக்கு மெல்ல உதிர்ந்து கெஞ்சல் மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

சீர்திருத்த சபையார் நாவில் அதிகம் புழங்குவது ஜெபம். வடமொழி ஜபம் ஒன்றையே திரும்பத் திரும்ப முணுமுணுப்பது. வீண் வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று மத்தேயு 6இல் சொன்னவரின் சீடருக்கு இந்தச் சொல் வாய்த்தது வேடிக்கைதான். ஜெபத்துக்கு எபிரேயர் சொல்லும் தெஃபில்லாவோ தீர்ப்போடு உறவுள்ள வேரிலிருந்து வந்தது என்பர். அதற்கு நெருங்கிய தமிழ் மன்றாட்டுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மீட்டெடுத்த பொதுவேண்டலுக்குக் கத்தோலிக்கர் விசுவாசிகள் மன்றாட்டு என்றே பெயர் வைத்தார்கள்.

வேதாகமத்தில் வழக்கு என்ற இந்தப் பழைய பொருளுக்குச் சாட்சிகள் பல. எரேமியா கடவுளோடு வழக்காடுகிறார். லூக்கா 18இல் விதவை நியாயாதிபதியை விடாமல் தொல்லைப்படுத்துகிறாள். சங்கீதம் 88 ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது; அதையும் வழிபாட்டுப் பாட்டாக வைத்திருந்தார்கள். பவுல் தன் உடலை வாட்டிய முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று முறை கேட்டார், முள் போகவில்லை. சந்தேகம் வந்தால் ஜெபம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துபவர்கள் இவற்றை எப்படி வாசிக்கிறார்களோ!

யோபு நேராகவே வழக்குக்கு நாள் கேட்கிறார். 38ஆம் அதிகாரத்தில் கடவுள் வருகிறார். வழக்குக்குப் பதில் இல்லை, கேள்விகள்தான். ஆனால் கடைசியில் கடவுளின் கோபம் யோபுவின்மேல் விழவில்லை. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல் விழுகிறது. அவர்களுக்காக யோபு வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது கட்டளை. பிறருக்காகச் செய்யும் இந்த வேண்டலுக்குத் தமிழ்ச் சபைகளில் வழங்கும் பெயர்களில் ஒன்று, மன்றாட்டு ஜெபம்.