தேனீயின் வழியில் கலந்த முள்ளங்கி

பயிரின் மரபணுக்கள் மகரந்தத்தின் வழியே அதன் காட்டு உறவுச் செடிகளுக்கும், அவற்றின் மரபணுக்கள் பயிருக்கும் சென்று சேர்வதை மரபணு ஓட்டம் என்பர். பல பயிர்களில் அந்த ஓட்டத்தின் திசையையும் தொலைவையும் வகுப்பது தேனீக்கள் இரைதேடும் முறையே ஆகும். அருகருகே வளர்ந்த முட்டைக்கோஸ் வகைகளின் விதையிலிருந்து எழுந்த 233 நாற்றுகளில் 78 மட்டுமே வகை மாறாதிருந்தன என்று டார்வின் 1859இல் எழுதினார். விதை விளைவிப்போரை நெடுங்காலம் வருத்திய இக்கலப்பை முள்ளங்கியிலும் டர்னிப்பிலும் அளந்த மரபியலாளர் பேட்மன், இடைவெளி கூடும்போது அது முதலில் வேகமாகவும் பின்னர் மிக மெதுவாகவும் குறைவதை 1947இல் காட்டினார். தேனீ பெரும்பாலும் பக்கத்துப் பூவுக்கே தாவுவதால் முதல் சரிவும், உடலில் ஒட்டிய மகரந்தம் எப்போதாவது தொலைவுக்குச் செல்வதால் பின்னர் வரும் மெதுவான சரிவும் உண்டாகின்றன.

தேனீ வழியான மரபணு ஓட்டத்துக்குத் தெளிவான ஒரு சான்று கலிஃபோர்னியாவில் உள்ளது. ஐரோப்பாவிலிருந்து அங்கு வந்த பயிர் முள்ளங்கியும் களை முள்ளங்கியும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காத இயல்புடையவை. ஆகவே விதை பிடிக்க, செடிவிட்டுச் செடி செல்லும் பூச்சிகளையே அவை நம்பியிருந்தன. ஒரே வகைப் பூவை நாடும் தேனீயின் வழக்கம், நெருங்கிய உறவுடைய இவ்விரண்டையும் பிரித்துவைக்கப் போதவில்லை. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா எனப் பல நிறங்களில் பூக்கும் கலப்பினமே இன்று அங்கு சாலையோரங்களில் பரவியுள்ளது. கலப்பற்ற பெற்றோர் வழிகளோ அங்கு காட்டுநிலையில் மறைந்துவிட்டன.