சென்னை ஃப்ளாட் சந்தை: பிரிபடாத பாகத்தின் வரலாறு

சென்னையில் 1970-கள் வரை சொந்த வீடு என்றால் பெரும்பாலும் மனை வாங்கிக் கட்டுவதுதான். விலை கிரவுண்டுக் கணக்கில் பேசப்பட்டது; ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான தியாகராய நகரிலும், 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சிக்குப் பின் வளர்ந்த அண்ணா நகரிலும் இரண்டு, மூன்று கிரவுண்டு மனைகள் சாதாரணம். 1961-இல் தொடங்கப்பட்ட வீட்டு வசதி வாரியம் கே.கே. நகர், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகளையும் கட்டியது. அவை ஒதுக்கீட்டில் கிடைத்தவை. பேரம் பேசி வாங்கியவை அல்ல.

தனியார் ஃப்ளாட் சந்தை முளைத்தது அந்தப் பெரிய மனைகளில்தான். வீட்டைக் கட்டிய தலைமுறை மறைந்ததும், நான்கைந்து வாரிசுகளுக்கு ஒரு பங்களாவைப் பிரித்துக் கொடுப்பது இயலாத காரியமாயிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்த 1989-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்திருத்தம் பங்குதாரர்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, குடியிருப்பவரைக் காலி செய்விப்பதைக் கடினமாக்கி, வாடகைக்கென்றே கட்டடம் எழுப்பும் ஆர்வத்தை ஒடுக்கியிருந்தது. எனவே கட்டியதை விற்பதே வழி என்றானது. நில உரிமையாளர் மனையைக் கொடுப்பார். பில்டர் தன் செலவில் கட்டுவார். வீடுகளை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். ‘ஜே.வி.’ என்று இன்றும் வழங்கும் இந்த ஏற்பாட்டில், நிலம் விலையேறிய பகுதிகளில் உரிமையாளரின் பங்கு பாதியைத் தாண்டும். வாரிசுக்கு ஒரு ஃப்ளாட் என்று கணக்கும் தீரும். பெரிய முதல் இல்லாத சிறு பில்டர்கள் தெருவுக்குத் தெரு தொழில் செய்ய முடிந்தது இதனால்தான்.

இந்தச் சந்தையின் முதுகெலும்பு, பத்திரம் எழுதிய முறை. வாங்குபவர் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, மனையில் ‘பிரிபடாத பாகம்’ எனப்படும் நிலப்பங்கை, ஆங்கிலச் சுருக்கத்தில் யு.டி.எஸ்.ஸை, உரிமையாளரிடமிருந்தோ அவரிடம் பவர் பெற்ற பில்டரிடமிருந்தோ வாங்கும் கிரயப் பத்திரம். மற்றொன்று, அந்தப் பங்கின் மேல் வீடு கட்டித் தரப் பில்டரோடு செய்யும் கட்டுமான ஒப்பந்தம். முத்திரைத் தீர்வை முழு விகிதத்தில் நிலப்பங்குக்கு மட்டுமே, அதுவும் நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிக் கட்டப்பட்டது. பின்னாளில் ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டி வந்தபோதும் அதற்கான விகிதம் குறைவே. ஆகச் சென்னைவாசி ஃப்ளாட் வாங்கினாலும் பத்திரத்தில் வாங்கியது சில நூறு சதுர அடி நிலத்தைத்தான்.

இந்த முறை வாங்குபவருக்குச் செலவைக் குறைத்தது. ஆபத்தையும் சேர்த்தே தந்தது. சில பில்டர்கள் நிலப்பங்கைக் குறைத்து எழுதி, மிச்சத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்ந்த ‘சூப்பர் பில்ட்-அப்’ பரப்புக்கு விலை பேசினார்கள். உள்ளே நடமாடக் கிடைத்த கார்பெட் பரப்பு அதைவிட வெகுவாகக் குறைவு. மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. நெடுங்காலம் 1.5 ஆக இருந்தது; அந்த வரம்பில் ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடிதான் கட்டலாம். கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி என்ற அச்சு நகரெங்கும் பரவியது அந்த வரம்பால்தான்.

வாங்கும் சக்தி பெருகியது கடன் வழியாக. பி.எஃப். பணம், நகை, எல்.ஐ.சி. கடன் என்று திரட்டிய தலைமுறைக்கு அடுத்து, 1977-இல் தொடங்கிய ஹெச்.டி.எஃப்.சி.யும், அதன்பின் வங்கிகளும் வந்தன. 2000-களின் தொடக்கத்தில் வட்டி இறங்கியது. வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் இருந்தது. 2000-இல் தரமணியில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவான டைடல் பார்க் திறக்கப்பட, ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட வளாகங்கள் எழுந்தன. அங்கே வாரிசுப் பங்கீடு இல்லை. முன்பணமும் மாதத் தவணையும் செலுத்தும் இளம் ஊழியர்களே வாடிக்கையாளர்கள்.

வழிகாட்டி மதிப்பு 2012-இல் கடுமையாக ஏறியது. சந்தை மந்தமானபோது பல இடங்களில் உண்மை விலை அதற்குக் கீழே நின்றது. விற்பவருக்கு இது நேரடி இழப்பு: குறைந்த விலைக்கு விற்றாலும் வருமான வரித் துறை வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாகக் கொண்டது. சந்தைக்கு வேறு அடிகளும் விழுந்தன. 2014 ஜூன் 28 அன்று சென்னைப் புறநகரான மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பது வாங்குபவரின் முதல் கேள்விகளுள் ஒன்றாயிற்று. 2016 நவம்பரின் பணமதிப்பு நீக்கம் விலையில் ரொக்கமாகக் கைமாறிய பகுதியை முடக்கியது. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தியது. 2023-இல் மதிப்பை மீண்டும் ஏற்றிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ கட்டும் திட்டம் அச்சட்டப்படி அமைந்த ஆணையத்தில் பதிவாக வேண்டும்; வசூலில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்; விற்பனை கார்பெட் பரப்பின் அடிப்படையில் நடக்க வேண்டும். வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. கட்டும் நிலையிலுள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இல்லை என்ற வேறுபாடு, கட்டி முடித்த வீட்டைத் தேடுவோரை அதிகமாக்கியது.

பிரிபடாத பாகத்தின் மதிப்பு முழுமையாக வெளிப்படுவது கட்டடம் பழசாகும்போதுதான். 1980-களின் மூன்று மாடி ஃப்ளாட்டுகளில் வீட்டுக்கு வீடு நிலப்பங்கு அதிகம். 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரம் குறைந்த கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யை 2 ஆக்கியதும், அதே மனையில் கூடுதல் வீடுகள் கட்ட இடம் கிடைத்தது. பழைய உரிமையாளர்களுக்குப் பெரிய புது வீடும், கட்டி முடியும்வரை வாடகையும் தந்து, மிகுந்த பரப்பை விற்றுச் செலவை ஈடுகட்ட பில்டர்கள் முன்வந்தனர். தடையாக நின்றது சம்மதம்: ஒரே ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் இடித்துக் கட்டலாம் என்று வழி செய்தது.