பிறந்த மண்ணும் பதிவேடும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, காட்டுப்பள்ளி வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் நாம், 'நீவிர் எந்நாட்டார்?' என்ற கேள்வி எழுமென எண்ணுவதில்லை. கடலுக்கு அப்பால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மொழியினர்க்கு அக்கேள்வி எழுந்தது.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அம்மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயன் அறைகளில் வாழ்ந்தோரிடம் அதற்குச் சான்று ஏது? 1949ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பித்தும், சுமார் 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அதன்பின்னும் நாடற்று நின்றோர்க்கு 2003இல் இலங்கை இயற்றிய சட்டமும் வழி திறந்தது.

நம் நாட்டுச் சட்டமும் பிறந்த மண்ணிலிருந்து பெற்றோரை நோக்கி நகர்ந்துள்ளது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாய் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தோர்க்கு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாய் இராமையும் வேண்டும்.

ஆகவே ஜமாஅத்தார்களே, திருமணப் பதிவேட்டைப் பேணும் அதே கவனத்துடன், குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்வோம். பெற்றோரின் ஆவணங்களையும் காப்போம். பாட்டன் காக்கத் தவறிய ஏட்டைப் பேரன் தேடும் நிலை நம் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.