பதினெட்டாயிரம் டாலர் பேனா: டிஜிட்டல் ஓவியப் பலகை நம்ம கைக்கு வந்த கதை

படம் வரையுற நண்பர்கள்கிட்ட இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. "கம்ப்யூட்டர்ல வரைய ஒரு டேப்லெட் வாங்கணும். பட்ஜெட் கம்மி. எது நல்லாருக்கும்?" ஏதாவது ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு நகர்ந்துடலாம்தான். ஆனா அடுத்த வருஷமே அந்த மாடல் கடையில இருக்காது. அதுக்குப் பதிலா, இந்தப் பலகை எப்படிப் பொறந்துச்சு, ஏன் இத்தனை நாள் யானை விலை வித்துச்சு, எப்படி சல்லிசாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா, கடைக்காரர் எந்தப் பெட்டியை நீட்டினாலும் நாமளே முடிவு பண்ணிக்கலாம். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம், வாங்க.

(டேப்லெட்னா காய்ச்சல் மாத்திரை இல்லை, ஆண்ட்ராய்டு பலகையும் இல்லை. மேல பேனாவால கிறுக்கினா கம்ப்யூட்டர் திரையில கோடு விழுமே, அந்தக் கறுப்புப் பலகை.)

கம்ப்யூட்டருக்கு முன்னாடியே

எலிஷா கிரேன்னு ஒரு அமெரிக்கர். டெலிபோன் கதை படிச்சவங்களுக்குப் பேரு தெரிஞ்சிருக்கும். 1876 பிப்ரவரி 14 அன்னைக்கு, கிரகாம் பெல் விண்ணப்பம் போட்ட அதே நாள்ல, இவரும் பேட்டன்ட் ஆபீஸ்ல டெலிபோனுக்காகக் காகிதம் கொடுத்தார். பேரும் புகழும் பெல்லுக்குப் போயிடுச்சு. ஆனா மனுஷன் சும்மா இருக்கலை. 1888-ல 'டெலாட்டோகிராஃப்' என்ற கருவிக்கு பேட்டன்ட் வாங்கினார். இந்தப் பக்கம் ஒருத்தர் பேனாவால எழுதினா, அந்த அசைவு மின்சாரமா மாறி கம்பி வழியாப் போய், அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு பேனா அதே மாதிரி எழுதும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில இதை வச்சுக் காட்டினாங்க. 'கை அசைவை மின்சாரமாக்கு' என்ற அடிப்படை அப்பவே வந்தாச்சு. அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்தான் இல்லை.

திரையில தொட்டா கை வலிக்கும்

1963-ல ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' செஞ்சார். திரையிலேயே ஒளிப்பேனாவை வச்சு கோடு, வட்டமெல்லாம் போடலாம். கணினி வரைகலையோட தாத்தான்னு அதைச் சொன்னா தப்பில்லை. ஆனா ஒளிப்பேனாவுல ஒரு பேஜார் உண்டு. செங்குத்தா நிக்கிற திரைக்கு முன்னாடி கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். சுவத்துக்கு வெள்ளையடிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க, அரை மணி நேரத்துல தோள்பட்டை என்ன சொல்லும்னு.

பேனாவைத் திரையில இருந்து பிரிச்சு மேஜை மேல கிடைமட்டமா வச்சுட்டா? அந்த யோசனைதான் 1964-ல வந்த ராண்ட் டேப்லெட். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவுல இருக்கிற ராண்ட் நிறுவனத்துல டேவிஸ், எல்லிஸ் என்ற ரெண்டு பேர் செஞ்சாங்க. சுமார் பத்துக்குப் பத்து அங்குலப் பரப்பு. அடியில குறுக்கும் நெடுக்குமா மெல்லிய செப்புக் கோடுகள், ஒரு அங்குலத்துக்கு 100. ஒவ்வொரு கோட்டுலயும் தனித்தனி சங்கேதத் துடிப்பு ஓடும். பேனா முனை அதை உணர்ந்து "நான் இங்கே இருக்கேன்"னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இப்படி பத்து லட்சத்துக்கும் மேல புள்ளிகளைப் பிரிச்சு அறியும். அந்தத் துடிப்புகளுக்கு 'கிரே கோட்' முறைன்னு பேரு. அது பெல் ஆய்வகத்து ஃபிராங்க் கிரே பேரால வந்தது. நம்ம எலிஷா கிரே வேற ஆளு, குழப்பிக்காதீங்க.

விலை? 18,000 டாலர். அப்ப ஒரு டாலருக்கு 4 ரூபா 76 பைசா. பெருக்கினா எண்பத்தஞ்சாயிரம் ரூபாய்க்கு மேல வருது. 1964-ல! அதோட வேலை செய்ய ஒரு அறை நிறைய கம்ப்யூட்டர் வேற வேணும். ஓவியர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.

வீட்டுக்குள் நுழைந்தது

1979-ல ஆப்பிள் நிறுவனம் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ஒரு கிராஃபிக்ஸ் டேப்லெட் விட்டுச்சு. உள்ளே இருந்தது சம்மாகிராஃபிக்ஸ் கம்பெனியோட பிட்பேட்தான். 650 டாலர். பதினஞ்சு வருஷத்துல விலை இருபத்தேழுல ஒரு பங்கா இறங்கியிருக்கு பாருங்க. அப்பவும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான்.

எட்ட வச்சது 1983-ல வந்த கோலாபேட். டேவிட் தார்ன்பர்க் என்பவர் பள்ளிக்கூடப் பசங்களுக்காக, விலை கம்மியா இருக்கணும்னே வடிவமைச்சது. நாலுக்கு நாலு அங்குலம்தான் இடம். விரலாலகூட வரையலாம். ஆப்பிள், அட்டாரி, கமடோர் 64-ன்னு பல வீட்டுக் கம்ப்யூட்டர்கள்ல ஓடுச்சு. துல்லியம் சுமார்தான். ஆனா 'கம்ப்யூட்டர்ல கையால வரையலாம்' என்பதை ஒரு தலைமுறைப் பசங்க இதுலதான் பார்த்தாங்க.

வால் இல்லாத பேனா

இதே 1983-ல ஜப்பான்ல வாக்கம் கம்பெனி தொடங்குது. 'வா'ன்னா ஜப்பானிய மொழியில இசைவு, மிச்சம் கம்ப்யூட்டர். அடுத்த வருஷமே வயர் இல்லாத பேனாவோட டேப்லெட் கொண்டு வந்தாங்க.

இவங்க செஞ்ச வித்தை என்னன்னா, பலகைக்கு அடியில கம்பிச் சுருள்கள் இருக்கும். அது ஒரு கணம் மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள்ள ஒரு குட்டிச் சுருளும் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். அலை பட்டதும் அது அதிரும், கோயில் மணியடிச்சா பக்கத்துல இருக்கிற பித்தளைக் குடம் ரீங்காரம் போடுமே, அது மாதிரி. அடுத்த கணம் பலகை அனுப்புறதை நிறுத்திட்டு, பேனாவோட ரீங்காரத்தைக் கேக்கும். எந்தச் சுருள்ல சத்தம் பலமாக் கேக்குதோ அங்கதான் பேனா. முனையை அழுத்தினா ரீங்காரத்தோட சுருதி லேசா மாறும். அதுதான் அழுத்தம். பேனாவுக்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

அழுத்தினா கோடு தடிக்கும், தளர்த்தினா மெலியும். தூரிகை பிடிச்சுப் பழகின கைக்கு இதுதானே உயிர்! அதனால அனிமேஷன் ஸ்டுடியோ, விளம்பரக் கம்பெனின்னு எல்லா இடத்துலயும் வாக்கம் உட்கார்ந்துடுச்சு. பேட்டன்ட்களும் அவங்க கையில. வச்சதுதான் விலை.

90-களின் கடைசியில வாக்கமே சுமார் நூறு டாலருக்கு 'கிராஃபையர்'னு ஒண்ணு விட்டாங்க. நாலுக்கு அஞ்சு அங்குலம், 512 அழுத்த நிலைகள். பொம்மை மாதிரி இருந்த அந்தப் பலகை எங்க கொண்டு போய் விட்டுச்சு தெரியுமா? நெதர்லாந்துக்காரர் பௌடவைன் ரெம்ப்ட்டுக்கு 2003-ல ஒரு கிராஃபையர் பிறந்தநாள் பரிசா வந்துச்சு. தன்னோட கற்பனைக் கதைக்கு ஒரு வரைபடம் வரைய ஆசைப்பட்டார். லினக்ஸ்ல கிடைச்ச மென்பொருள் எதுவும் மனசுக்குப் பிடிக்கலை. அப்ப கேட்பாரில்லாமக் கிடந்த ஒரு திட்டத்தைக் கையில எடுத்தார். அதுதான் கிரிட்டா. இன்னைக்கு உலகம் பூரா காசு கொடுக்காம ஓவியர்கள் பயன்படுத்துறாங்களே, அதே கிரிட்டா. விலை கம்மியான பலகை சரியான கையில கிடைச்சா என்ன நடக்கும்னு காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

பேட்டரிப் பேனா காலம்

மத்த கம்பெனிகளும் சும்மா இல்லை. பேட்டரி இல்லாத பேனா பேட்டன்ட்ல மாட்டிக்கிட்டதால, பேனாவுக்குள்ள ஒரு சின்ன பேட்டரியைச் சொருகி வித்தாங்க. விலை பாதி. ஆனா பேனா கனமா, தடியா இருக்கும். வரைஞ்சுக்கிட்டிருக்கும்போதே பேட்டரி இறங்கும். விண்டோஸ் புதுசா மாறினா டிரைவர் வேலை செய்யாது. லினக்ஸ்காரங்க பாடு இன்னும் மோசம். அப்ப டிஜிமெண்ட் என்ற தன்னார்வத் திட்டத்துல நிக்கொலாய் கொந்திரஷோவ் போன்றவங்கதான் உட்கார்ந்து இந்த அனாதைப் பலகைகளுக்கு டிரைவர் எழுதினாங்க.

2010-களில் சீனாவுல இருந்து ஹுயியான், எக்ஸ்பி-பென், உஜீ எல்லாம் வரிசையா வந்தாங்க. முதல்ல பேட்டரிப் பேனா, அப்புறம் சார்ஜ் போடுற பேனா. பேட்டன்ட் ஆயுசு இருபது வருஷம்தானே! பழைய பேட்டன்ட்கள் ஒவ்வொண்ணாக் காலாவதியாக, அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள சில ஆயிரம் ரூபாய்ப் பலகைக்கும் பேட்டரி இல்லாத பேனா வந்துடுச்சு.

சரி, இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது

ஒண்ணு: பேட்டரி இல்லாத பேனாவா பார்த்து வாங்குங்க. இன்னைக்கு அதுக்குத் தனியா ஆடம்பர விலை கிடையாது. பழைய பேட்டரிப் பேனா மாடலைத் தள்ளுபடியில தலையில கட்டினா வேண்டாம்.

ரெண்டு: அழுத்த நிலை எண்ணிக்கைக்கு மயங்காதீங்க. 512, 1024, 2048, 8192, இப்ப 16384-ன்னு ஏலம் போகுது. கை உணர்றது அதை இல்லை. எவ்வளவு மெல்லமாத் தொட்டா கோடு ஆரம்பிக்குது என்பதுதான் முக்கியம். அது அட்டைப்பெட்டியில போட்டிருக்காது. முடிஞ்சா நண்பர்கிட்ட வாங்கி ஒரு தடவை வரைஞ்சு பாருங்க.

மூணு: 5080 கோடுகள் ஒரு அங்குலத்துக்குன்னு விளம்பரம் பண்ணுவாங்க. ராண்ட் டேப்லெட் நூறு கோட்டுலயே வேலை பார்த்துச்சு. அதைவிட வரையுற பரப்பைப் பாருங்க. ஆறுக்கு நாலு அங்குலம் ஆரம்பிக்கப் போதும். அதுக்குக் கீழே போனா கை குறுகிடும். பத்துக்கு ஆறு இருந்தா தாராளம்.

நாலு: வாங்குறதுக்கு முன்னாடி கம்பெனி தளத்துக்குப் போய், உங்க கம்ப்யூட்டருக்கு டிரைவர் இருக்கா, கடைசியா எப்ப புதுப்பிச்சாங்கன்னு பாருங்க. மாத்து முனைகளும் பேனாவும் தனியாக் கிடைக்குதான்னும் பாருங்க.

அஞ்சு: கம்ப்யூட்டரே இல்லையா? பல பலகைகள் இப்ப ஆண்ட்ராய்டு போன்ல ஓடிஜி கேபிள் போட்டாலே வேலை செய்யுது. போனை நிமிர்த்தி வச்சா பலகையில ஒரு பகுதிதான் பயன்படும், அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

எத்தனை நல்ல கைகள் விலையைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்கும்னு நினைச்சா ஒரு மாதிரி இருக்கு. காலேஜ் பையனுக்கு இன்னைக்கும் அது ஒண்ணு ரெண்டு மாச மெஸ் பில்தான், சின்னக் காசு இல்லை. அந்தக் காசு வீணாகக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளம். மிச்சம் பிடிச்ச காசுல நல்ல ஸ்கெட்ச் புத்தகம் ரெண்டு வாங்குங்க. பலகை கோட்டைக் காட்டும், கோடு போடக் கத்துக் கொடுக்காது.

டிஸ்கி: நீங்க எந்தப் பலகை வச்சிருக்கீங்க, எத்தனை வருஷமா உழைக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. புதுசா வாங்கப் போறவங்களுக்கு விளம்பரத்தைவிட அதுதான் உதவும்.