காப்பீட்டுச் சட்டம்: அடிப்படைக் கருத்துகளும் காப்பின் வரம்பும்

பிரீமியம் எனப்படும் கட்டணத்துக்கு ஈடாக ஒருவருக்கு நேரக்கூடிய இழப்பை மற்றொருவர் ஏற்கும் ஒப்பந்தங்களை ஆளும் சட்டப்பகுதி காப்பீட்டுச் சட்டம் எனப்படும். இந்தியாவில் இது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தையும், கடல்வழிக் காப்பீட்டுக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் சார்ந்து நிற்பினும், இதன் கருத்துகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து நீதிமன்றங்களில் உருப்பெற்றவை.

தொடர்பில்லாத பிறர் உயிரின்மீது, சூதாட்டத்தில் பணயம் வைப்பதுபோலப் பாலிசி எடுக்கும் வழக்கம் அங்கு பரவியிருந்தமையால், 1774ஆம் ஆண்டுச் சட்டம் ‘காப்பீட்டு நலனை’, அதாவது காக்கப்படுவது அழிந்தால் பாலிசிதாரர் தாமே இழப்புறும் உறவை, கட்டாயமாக்கியது. இந்நலன் எவ்வளவு இறுக்கமாகப் பொருள்கொள்ளப்பட்டது என்பதற்கு 1925ஆம் ஆண்டின் மக்கௌரா வழக்கு சான்றாகும்: அயர்லாந்து நிலக்கிழார் ஒருவர், பங்குகள் முழுவதும் தம்மிடமும் தம் சார்பாளர்களிடமும் இருந்த கம்பெனிக்கு மரங்களை விற்றபின், அம்மரங்களுக்குத் தம் பெயரிலேயே பாலிசி எடுத்திருந்தார், அவை தீக்கிரையானபோது, மரம் கம்பெனியுடையதே, அவருடையதன்று எனக் கூறி அவருக்கு ஒரு காசும் இல்லையென்று தீர்க்கப்பட்டது.

இரண்டாவது கருத்தான ‘மீநன்னம்பிக்கை’, இடரைப் பற்றிய முக்கியச் செய்திகளை மறைக்கலாகாது என்பதாகும். சுமத்ராவின் பெங்கூலனிலிருந்த ஆங்கிலேயக் கோட்டை பகைவர் கைப்படும் இடருக்கு அதன் ஆளுநர் கார்ட்டர் காப்பீடு செய்திருக்க, 1760இல் பிரெஞ்சுப்படை அதைக் கைப்பற்றியது. கோட்டையின் வலுவின்மை தமக்குச் சொல்லப்படவில்லை என்று காப்பீட்டாளர் போம் பணம் தர மறுத்தார். இக்கொள்கையை மான்ஸ்ஃபீல்டு பிரபு 1766இல் வகுத்துரைத்தது இவ்வழக்கில்தான். ஆனால் வென்றவர் பாலிசிதாரரான கார்ட்டரே. கோட்டையின் நிலைமை காப்பீட்டாளர் தாமே விசாரித்தறியக்கூடியது எனப்பட்டது. பிற்காலக் காப்பீட்டாளர்கள் இத்தீர்ப்பின் முற்பாதியை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டனர்.

இச்சாய்வை இந்தியாவின் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஓரளவு நிமிர்த்துகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், மூன்றாண்டு கடந்த ஆயுள் பாலிசியை மோசடி உட்பட எக்காரணத்தாலும் கேள்விக்குட்படுத்த இயலாது. எனினும் காலாவதியான பாலிசி புதுப்பிக்கப்பட்டால் மூன்றாண்டும் மறுபடி தொடக்கத்திலிருந்தே எண்ணப்படும்.

ஆயுள் காப்பீட்டில் எழுதப்பட்ட தொகை அப்படியே வழங்கப்பட, பொருட்காப்பீடு ‘ஈட்டுறுதி’ சார்ந்தது. அதில் காப்பீட்டுத்தொகை உச்சவரம்பேயன்றி வாக்களிக்கப்பட்ட தொகையன்று. 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கிடங்குச் சரக்கை 10 லட்சத்துக்கே காப்பீடு செய்து, தீயில் 4 லட்சம் இழந்தவர், தொகை 10 லட்சத்தைத் தாண்டவில்லையே என்று வாதிட்டுப் பயனில்லை. ‘சராசரி விதி’ அவரைப் பாதி இடருக்குத் தாமே காப்பீட்டாளராகக் கொள்வதால் 2 லட்சமே கிடைக்கும். குடியிருப்புகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் 2021 முதல் இவ்விதி கைவிடப்பட்டுள்ளது. மருத்துவக் காப்பீட்டிலும் இதையொத்த கழிவு உண்டு: அறை வாடகை வரம்பை மீறிய அறையில் தங்கினால், வாடகையோடு தொடர்புடைய பிற கட்டணங்களும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம்.

நிறுவனத்தின் முடிவை ஏற்காத பாலிசிதாரர், 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கோரிக்கையைச் சென்னை உள்ளிட்ட நகரங்களிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.