யாருக்கு விற்கிறாய்? – கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு துப்பாக்கிக் கணக்கு

இந்த முறை கொஞ்சம் வில்லங்கமான சப்ஜெக்ட். கையில் இருக்கும் துப்பாக்கியை லாபத்துக்கு விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது, நியாயம் என்ன சொல்கிறது? "படிக்கிறது பி.காம், உனக்கெதுக்குப்பா துப்பாக்கி?" என்று கேட்காதீர்கள். பத்து ரூபாய்க்கு வாங்கி பன்னிரண்டு ரூபாய்க்கு விற்பதைப் பற்றித்தானே எங்கள் படிப்பே! அந்தக் கணக்கு எந்தச் சரக்கில் போய் முட்டி நிற்கிறது என்று தேடினால், கதை நம்ம ஊர்ப் பாளையங்களில் ஆரம்பிக்கிறது.

போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம்... இன்றைக்கு பஸ் போர்டில் பார்க்கிற இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் பாளையங்கள். திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தவை. பாளையக்காரர் என்றாலே ஆயுதமும் ஆட்களும் வைத்திருப்பவர் என்றுதான் அர்த்தம். காவல் காப்பதும் வரி வசூலிப்பதும் அதை வைத்துத்தான். 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு தெற்கே கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் என்று போர் நடந்து, 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஐந்தாறு வாரத்தில், 1801 டிசம்பர் 1-ம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை விட்டார். பாளையங்களில் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்!

இந்த அறிக்கையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆயுதத்தை வைத்து நீ என்ன செய்தாய் என்று அது கேட்கவில்லை. நீ யார் என்றுதான் கேட்டது. பாளையத்து ஆளா? கீழே போடு.

1857 புரட்சிக்குப் பிறகு இதே புத்தி இந்தியா முழுவதற்கும் சட்டமானது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878-ல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருடம்தான். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. மறுபடியும் அதே கேள்வி: நீ யார்?

அந்தக் கேள்விக்கு நம் பக்கத்து மண் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்துப் போனார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். துப்பாக்கி யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதில் சந்தேகமே இல்லை.

இதனால்தான் சுதந்திரப் போராட்டக் காலத்தில் ஆயுதம் வைத்திருப்பது ஓர் உரிமையாகவே பேசப்பட்டது. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் அது இருக்கிறது, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. அகிம்சை பேசிய கட்சியா என்று நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்! 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதை அரசியல் சட்டத்தில் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆக, அமெரிக்கா மாதிரி இங்கே துப்பாக்கி அடிப்படை உரிமை கிடையாது. அரசு கொடுக்கும் அனுமதி மட்டும்தான்.

சரி, விற்பனைக்கு வருவோம்.

இப்போது நடப்பில் இருப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அமல். மூன்றாம் பிரிவு, துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் கேட்கிறது. ஐந்தாம் பிரிவு, தயாரிக்கவும் விற்கவும் தனி லைசென்ஸ் கேட்கிறது. அதாவது வைத்திருக்க ஒன்று, வியாபாரம் செய்ய இன்னொன்று.

ஆனால் ஐந்தாம் பிரிவிலேயே ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, டீலர் லைசென்ஸ் இல்லாமலே இன்னொருவருக்கு விற்கலாம். வாங்குபவருக்கு அதை வைத்திருக்கத் தகுதி இருக்க வேண்டும். விற்கப் போகிறேன், இன்னாருக்கு, அவர் விலாசம் இது என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு குறைந்தது 45 நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் கைமாற்றலாம்.

நம்ம ஊர் ஏலக்காயை வைத்து யோசித்தால் இது எளிதாகப் புரியும். தோட்டக்காரர் தன் காட்டில் விளைந்த காயை விற்கிறார். போடியில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் வாங்கி விற்பவர் வியாபாரி, அவருக்கு ஸ்பைசஸ் போர்டு லைசென்ஸ் வேண்டும். தன் பொருளை விற்பது வேறு, விற்பதற்காகவே வாங்குவது வேறு. அக்கவுண்டன்சியில் சொன்னால், வீட்டு பீரோவை விற்றால் அது சொத்து விற்பனை. பீரோ வாங்கி விற்றுக்கொண்டே இருந்தால் அது சரக்கு, நீங்கள் வியாபாரி. சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கி, லாபம் பார்த்துத் தள்ளிவிட்டு, அடுத்ததை வாங்குபவர் வாயால் என்ன சொன்னாலும் வியாபாரிதான்.

அமெரிக்காவிலும் தகராறு இதே இடத்தில்தான். அங்கே 1968 சட்டப்படி துப்பாக்கித் தொழில் செய்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். எப்போதாவது தன் துப்பாக்கியை விற்கும் தனியாருக்கு வேண்டாம். மத்தியச் சட்டப்படி அவர் வாங்குபவரின் பின்னணியை விசாரிக்கவும் வேண்டியதில்லை. யார் தொழில் செய்பவர், யார் தனியார்? 2022-ல் அந்த வரையறையைத் திருத்தினார்கள். முன்பு பிழைப்பும் லாபமும் முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது பெரும்பாலும் லாபத்துக்காக என்றாலே போதும். லாபம் என்ற ஒரே வார்த்தையை வைத்து ஒரு தேசமே மல்லுக்கட்டுகிறது.

நம் நாட்டில் அந்தக் கதவை யார் தவறாகப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? ராணுவ அதிகாரிகள்! ராணுவம் உபயோகிக்காத ரகத் துப்பாக்கிகளைச் சொந்த உபயோகத்துக்காக அதிகாரிகளுக்குச் சலுகை விலையில் கொடுப்பது வழக்கம். அப்படி வாங்கியதைச் சிலர் வெளியாட்களுக்கு விற்றது 2007-ல் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தில் வெளியே வந்தது. பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. எழுபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் மாட்டினார்கள். எடுத்த நடவடிக்கை ரொம்ப லேசானது என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே குறைபட்டுக் கொண்டது. சலுகை விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்தான் அவர்களை இழுத்தது. ஒழுக்கத்துக்குப் பேர் போன இடத்திலேயே அப்படி என்றால், மற்ற இடத்தில் கேட்கவா வேண்டும்?

2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, தாத்தா சொத்தாக வந்தாலும் அதே கணக்குத்தான். ஐந்தாம் பிரிவை மீறி விற்றால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள்.

இப்போது மறுபடி நம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். ஒரு பக்கம் மேகமலை, 2009-ல் சரணாலயம் ஆகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. இன்னொரு பக்கம் கேரள எல்லை, பெரியாறு காடு. 1972 வனவிலங்குச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தால் வனத்துறையிடமும் பதிய வேண்டும். புது லைசென்ஸ் கொடுப்பதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். காட்டை ஒட்டிய தோட்டக்காரருக்குக் காட்டுப்பன்றித் தொல்லை தீராத தலைவலி, ஆனால் துப்பாக்கி கிடைப்பது குதிரைக்கொம்பு. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்றது. சுடும் பொறுப்பு வனத்துறையிடம்தான், விவசாயியிடம் இல்லை.

தேவை அதிகம், சட்டப்படி வாங்க முடிந்தவர் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எகனாமிக்ஸ் முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பேப்பர் இல்லாத துப்பாக்கிக்கு விலை ஏறும். விற்பவருக்கு லாபம் ருசிக்கும்.

"திருடன் முங்கேர் கள்ளத் துப்பாக்கியை ஒரே நாளில் வாங்குகிறான், யோக்கியன் மட்டும் 45 நாள் காத்திருக்கணுமா?" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய்த் துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12 சதவீத வட்டியில் 45 நாளுக்கு நஷ்டம் சுமார் 1,480 ரூபாய். ஒரு மனிதனின் பின்னணியை விசாரிக்க அரசுக்கு அவகாசம் கொடுப்பதற்கு இதுதான் விலை என்றால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. கள்ளச் சந்தைக்குப் போகும் துப்பாக்கி வரும் வழிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, திருட்டுத்தனமாகச் செய்தது. இரண்டு, லைசென்ஸ் உள்ளவர் கையிலிருந்து நழுவியது. முதலாவதைப் போலீஸ் பார்க்கட்டும். இரண்டாவதை அடைக்க முடிந்தவர் விற்பவர் மட்டுமே.

லாபம் பாவம் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் எங்கள் டிபார்ட்மெண்டில் விட மாட்டார்கள். ஆனால் மற்ற சரக்கில் ஏமாந்தால் வாங்கியவனுக்கு நஷ்டம். துப்பாக்கியில் நஷ்டப்படுபவன், அந்த வியாபாரத்தில் பேரம் பேசாத, பேரே தெரியாத மூன்றாம் ஆள். அவன் உயிரை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. அவனுக்காகக் கேள்வி கேட்கும் இடம் அந்த 45 நாள்தான்.

வெள்ளைக்காரன் சட்டம் 'நீ யார்?' என்று கேட்டது. அந்த வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. 1861-லிருந்து குடகு மக்களுக்கு இருக்கும் லைசென்ஸ் விலக்கை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். லைசென்ஸ் கொடுப்பதிலும் செல்வாக்கு பேசாது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஐந்தாம் பிரிவு கேட்கும் கேள்வி வேறு: 'யாருக்கு விற்கிறாய்?' இதை ஜமீனிடமும் கேட்கலாம், ராணுவ அதிகாரியிடமும் கேட்கலாம், கூடலூர் தோட்டக்காரரிடமும் கேட்கலாம். பதில் சொல்ல முடியாதவர் லாபத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது என் கட்சி.

நீங்கள் எந்தக் கட்சி? காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லுங்கள். சண்டை போடத் தயார், துப்பாக்கி இல்லாமல்!