மார்பு நீர்க்கட்டிகளைப் படமெடுத்துக் கண்டறிதல்

நுரையீரலிலோ, இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட நடுமார்பிலோ தோன்றும் நீர்க்கட்டிகளை எக்ஸ்ரே, ஸ்கேன் மூலம் இனங்காணும் முறை. கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்ற கேள்வியைச் சுற்றியே இதன் வரலாறு நகர்ந்திருக்கிறது.

ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ்ரே கதிரைக் கண்டார். சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. ஆனால் எக்ஸ்ரேக்கு நீரும் சதையும் ஒன்றுதான். வட்ட நிழல் விழும், உள்ளடக்கம் தெரியாது.

உடைந்த ஹைடாடிட் கட்டி இதற்கு விதிவிலக்கு. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டைகள் மேய்ச்சலில் ஆட்டுக்குப் போகும். மனிதர் வயிற்றுக்குள் போய்விட்டால் கல்லீரலிலோ நுரையீரலிலோ ஹைடாடிட் கட்டியாகும். சந்தையில் ஆடு மாடு கைமாறும், தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் போன்ற ஊரிலிருந்து இருமலோடு வருபவரின் படத்தில் வட்ட நிழல் தெரிந்தால், காசநோயோடு இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கட்டி மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் உட்சவ்வு கழன்று, மிச்ச நீரின்மேல் அல்லி இலைபோல் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை என்றே சொல்லலாம். நுரையீரலில் இந்தக் கட்டி இருக்கலாம் என்றால் ஊசியால் நீரை உறிஞ்சிப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள். கசிந்தால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அதனால்தான் இங்கே படத்துக்கு இவ்வளவு மதிப்பு.

ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியிடம் காட்டியதே ஒரு நீர்க்கட்டிதான், மூளையில். அவர் பெயரிலுள்ள அடர்த்தி அளவுகோலில் காற்று −1000, நீர் 0. இதயத்தின் வலப்பக்கம், உதரவிதானத்தை ஒட்டி, சுவர் மெல்லியதாய் எண் 0க்கு அருகில் இருந்தால் பெரும்பாலும் இதயவுறை நீர்க்கட்டி. கொழுப்பும் சுண்ணாம்பும், சில சமயம் பல்லும் தென்பட்டால் டெரட்டோமா.

ஏமாற்றுவது மூச்சுக்குழாய்ப் பிறவிக் கட்டி. அதிலுள்ள நீர் புரதத்தாலும் சுண்ணாம்பாலும் கெட்டியாகிவிட்டால் எண் ஏறி, சதைக்கட்டி எனத் தோன்றும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியபின்பும் உள்ளே எண் கூடாமலிருந்தால் அங்கே இரத்தநாளம் இல்லை, திரவம்தான். எம்.ஆர்.ஐ. இந்தக் குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது: நீரை வெண்மையாகக் காட்டும் டி2 வகைப் படத்தில் கட்டி பளிச்சென வெள்ளையாகத் தெரியும். 1977 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் டமாடியன் குழு இம்முறையில் முதன்முதலில் எடுத்த மனித உடற்படமும் மார்புதான். ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது.

எந்தக் கருவி இருந்தாலும், சீழ்க்கட்டியும் நடுவில் அழுகிய புற்றுக்கட்டியும் நீர்க்கட்டி வேடம் போடுவதுண்டு. அத்தகைய கட்டிகளில் கதிரியலாளர் முதலில் பார்ப்பது சுவரின் தடிப்பை.